மர வரியால் ஒரு சுவர்ப்படம்: வெனீர் பொதியோடு ஐந்து மாதம்

இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே வெறுமையாக இருந்த சுவரில் இப்போது 40 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு பலகை தொங்குகிறது. அதில் பெயின்ட் கிடையாது, சாயம் கிடையாது. வால்நட் மரத்தின் கழலைப் பகுதியிலிருந்து சீவிய நான்கு தாள்களை எதிரெதிராகத் திருப்பி ஒட்டி, சுற்றிலும் நேர்வரி உள்ள ஒரு கரை வைத்திருக்கிறேன். அவ்வளவுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் கிட்டே போய்த் தொட்டுப் பார்க்கிறார்கள். அதைச் செய்ய நான் வாங்கிய வெனீர் பொதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்; வெனீர் என்பது மெல்லியதாகச் சீவிய மரத் தாள். ஐந்து மாதம் அதோடு பழகியாயிற்று. இரண்டு பலகைகளை முடித்தேன், ஒன்று கெட்டுப்போனது.

விற்றவர்களின் பெயரை நான் எழுதவில்லை. இதே மாதிரிப் பொதியைப் பலர் விற்கிறார்கள். உள்ளே இருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றேதான். எதைப் பார்த்து வாங்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் யாரிடம் வாங்கினாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

நான் தையல்காரி. இருபது வருடமாகத் துணி வெட்டுகிறேன். கோடு போட்ட துணியில் பாக்கெட் வைக்கும்போது கோடு உடையக் கூடாது. கட்டம் போட்ட துணியில் இரண்டு பக்கமும் தையலில் வந்து சேர வேண்டும். இதெல்லாம் கைக்குப் பழகிய வேலை. மரத் தாளை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது அந்தப் பழக்கம்தான் எனக்குத் துணையாக இருந்தது. துணிக்குப் பாவும் ஊடும் போல மரத்துக்கும் நேர், குறுக்கு உண்டு. ஈரத்தில் மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. குறுக்குவாக்கில்தான் உப்பும், சுருங்கும். இது ஒன்று மனதில் பதிந்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

பொதியில் இருந்தவை: 30-க்கு 20 சென்டிமீட்டர் அளவில் பத்து வகை மரத் தாள்கள், 20 சென்டிமீட்டர் சதுரமாக நான்கு வால்நட் கழலைத் தாள்கள், 6 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) ஒன்று, ஒரு கத்திப்பிடி, 11-ஆம் எண் பிளேடு பத்து, பசை தடவிய காகித டேப் ஒரு சுருள், வெள்ளைப் பசை ஒரு குப்பி, மலையும் ஏரியும் வரைந்த படிவம் ஒன்று, எட்டுப் பக்கக் குறிப்பேடு. தாள்களின் கனம் 0.6 மில்லிமீட்டர். வெனீருக்கு இது வழக்கமான கனம்தான். கத்தியால் இரண்டு மூன்று இழுப்பில் அறுந்துவிடும்.

முதலில் மரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பொதியின் உயிர் அதுதான். ஓக் தாளை எடுத்துச் சாய்த்தபோது குறுக்கே வெள்ளிச் சிதறல்கள் மின்னின. மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர்க்கற்றைகள் அவை. மரத்தை நான்காகப் பிளந்து, ஆண்டு வளையங்களுக்குச் செங்குத்தாகச் சீவினால்தான் இப்படி அகலமாக வெளியே தெரியும். அதே ஓக்கை வளையத்துக்கு இணையாகச் சீவினால் கோபுரம் கோபுரமாக அடுக்கிய வரி கிடைக்கும். வால்நட் தாள் அப்படிச் சீவியதுதான். நடுவில் கூர்மையான கோபுரங்கள், இரு ஓரத்திலும் நேர்க்கோடுகள். ஆக, ஒரே மரம் கத்தி எந்தக் கோணத்தில் போகிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு துணியாகிறது. இதைக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அலைவரி மேப்பிள்தான் என்னை அசைத்துவிட்டது. கையில் தட்டையாக இருக்கிறது, விரலால் தடவினால் வழவழப்புதான். ஆனால் கண்ணுக்கு மடிப்பு மடிப்பாக, சுருக்கு வைத்த பட்டுத்துணி போலத் தெரிகிறது. நார் நேராக ஓடாமல் அலையலையாக வளர்ந்திருப்பதால் ஒவ்வொரு இடமும் ஒளியை ஒவ்வொரு பக்கம் அனுப்புகிறது. தாளை அசைத்தால் அலையும் நகர்கிறது. வயலினின் முதுகுப் பலகைக்கு இந்த மரத்தைத்தான் தேடி எடுப்பார்கள். சப்பேலித் தாளில் இதே வித்தை ரிப்பன் கோடுகளாக வந்திருந்தது. அந்த மரம் வளரும்போது நார் சில வருடம் ஒரு பக்கமாகவும் அடுத்த சில வருடம் எதிர்ப்பக்கமாகவும் சாய்ந்து வளர்கிறது. செர்ரி, ஆஷ், வெங்கே, படாக் எல்லாம் தரமானவை. பறவைக்கண் மேப்பிளில் கண்கள் கொஞ்சம் குறைவு, அது எனக்குக் குறையாகப் படவில்லை.

அப்புறம் கழலைத் தாள்கள். மரத்தின் மேல் கழலை போலப் புடைத்து வளரும் கட்டியை அறுத்தால், உள்ளே முளைக்காமல் தங்கிய மொட்டுகள் நூற்றுக்கணக்கில் சிறு சிறு கண்களாக இருக்கும். அவற்றைச் சுற்றி நார் எல்லாப் பக்கமும் சுழலும். பொதியில் வந்த நான்கும் நல்ல காப்பிக்கொட்டை நிறம். ஒரு மூலையில் மட்டும் வெளிர்மஞ்சள் ஓடியிருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தாள் அப்பளம் போல நெளிந்திருந்தது. குறிப்பேட்டில் "பசை தடவி ஒட்டவும்" என்று மட்டும் இருந்ததால், நெளிவைக் கையால் அமுக்கி நிமிர்த்தப் பார்த்தேன். முதல் தாளின் மூலை விரலோடு வந்துவிட்டது.

நெளிந்த தாளை முதலில் பழக்க வேண்டும். நான் செய்தது இது: ஐந்து பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கிளிசரின் கலந்து இரண்டு பக்கமும் லேசாகத் தெளித்தேன். ஈரம் உள்ளே இறங்கித் தாள் தளர்ந்ததும், அச்சு மை இல்லாத வெள்ளைக் காகிதங்களுக்கு நடுவே வைத்து, மேலும் கீழும் தடித்த பலகை போட்டுக் கிளாம்ப் மாட்டினேன். முதல் நாள் மூன்று முறை காகிதம் மாற்றினேன், அடுத்த மூன்று நாள் தினம் ஒரு முறை. ஐந்தாம் நாள் தாள் தட்டையாக, வளைத்தால் உடையாத பதத்தில் வெளியே வந்தது. செய்தித்தாள் வேண்டாம், மை மரத்தில் ஏறிவிடும். எடுத்த கையோடு ஒட்டிவிடுங்கள். வெளியே கிடந்தால் திரும்பவும் நெளியத் தொடங்கும். கழலைத் தாள் விற்கிற யாரும் இந்த ஒரு பத்தியைச் சேர்த்துத்தான் விற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது அந்த மலை-ஏரிப் படிவம். முதல் பலகையை அதன்படிதான் செய்தேன். படத்தில் 22 துண்டுகள், ஏழு வகை மரம். எந்தத் துண்டுக்கு எந்த மரம் என்று எண் போட்டிருக்கிறார்கள். வானத்துக்குப் பறவைக்கண் மேப்பிளை 2 சென்டிமீட்டர் அகலப் பட்டையாக நறுக்கச் சொல்கிறது படிவம். அந்த அகலத்தில் கண்கள் எங்கே தெரியும்? மலைக்கு வால்நட் என்கிறது, ஆனால் கோபுர வரியை நடுவில் வெட்டித் தள்ளிவிட்டு ஓரத்து நேர்வரியைப் பயன்படுத்துகிறது. ஓக்கின் வெள்ளிச் சிதறல் மரத்தடியில் நிற்கும் ஒரு பாறைக்குள் விரல்நக அளவில் அடங்கிப்போயிற்று. முடித்துப் பார்த்தபோது அது பழுப்பு நிறத்தில் ஏழு விதத் தாளை வெட்டி ஒட்டிய படமாக இருந்தது. மரமாகவே தெரியவில்லை. பூப்போட்ட பட்டுத்துணியைத் துண்டு துண்டாக வெட்டி உள்துணிக்கு வைத்துத் தைத்தால் எனக்கு எப்படி வலிக்குமோ, அப்படி வலித்தது.

மரத்தால் உருவப்படம் செய்வது தவறு என்று நான் சொல்லவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் குப்பியோ அரண்மனைக்காகச் செய்த படிப்பறை இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பல நாள் பார்த்திருக்கிறேன். பாதி திறந்த அலமாரிக் கதவுகள், உள்ளே புத்தகங்கள், இசைக் கருவிகள், அவற்றின் நிழல். எல்லாமே வால்நட், பீச், ஓக், பழமரங்கள் என்று மரத்துண்டுகளால் இழைத்தவை. அந்தக் காலத்து இத்தாலிய மரப்படங்களில் பச்சை தேவைப்பட்ட இடத்தில்கூட, ஒருவகைப் பூஞ்சை ஏறித் தானே பச்சையாகிப்போன மரத்தைத் தேடி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டையும் அதன் வரியைப் பார்த்து எடுத்தவர்கள் அவர்கள். இந்தப் படிவத்தை வரைந்தவர் வரியைப் பார்க்கவே இல்லை. மரத்தை நிறமாக மட்டும் பார்த்திருக்கிறார்.

அதனால் படிவத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு எளிய கருவிகளுக்கு வந்தேன். முதலாவது ஜன்னல் அட்டை. வேண்டிய உருவத்தை ஒரு தடித்த அட்டையில் வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் துளையைத் தாளின் மேல் வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். அட்டை மற்ற இடத்தை மறைத்துவிடுவதால், துளைக்குள் தெரியும் வரி மட்டும் படமாகிக் கண்ணுக்குத் தெரியும். அரை சென்டிமீட்டர் நகர்த்தினால் வேறு படம். கொஞ்சம் திருப்பினால் இன்னொரு படம். இதற்கு அவசரப்படக் கூடாது; எனக்கு ஒரு மலை முகட்டைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுதும் ஆனது.

இரண்டாவது, கண்ணாடி. சட்டம் இல்லாத இரண்டு சிறிய முகக்கண்ணாடிகளை 90 டிகிரியில் சேர்த்து, கழலைத் தாளின் மேல் நிறுத்தினால், தாளின் அந்த மூலை நான்காகப் பெருகித் தெரியும். நான்கு தாளை எதிரெதிராகத் திருப்பி ஒட்டினால் என்ன வருமோ, அது ஒட்டுவதற்கு முன்பே கண்ணில் விழும். கண்ணாடியை நகர்த்த நகர்த்த பூ, முகமூடி, வண்ணத்துப்பூச்சி என்று மாறிக்கொண்டே இருந்தது. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு இடத்தில் "அம்மா, நிறுத்து நிறுத்து, ஆந்தை!" என்று கத்தினாள். அந்த வெளிர்மஞ்சள் மூலையை உள்பக்கம் வைத்தபோது இரண்டு கண்களும் ஒரு மூக்கும் தெளிவாக வந்திருந்தன. அங்கேயே பென்சிலால் கோடு போட்டேன்.

இனி என் பெரிய மனக்குறைக்கு வருகிறேன்.

இப்படி எதிரெதிராகத் திருப்பி ஒட்டும் வேலை முழுவதும் ஒரே நம்பிக்கையில் நிற்கிறது: நான்கு தாளும் ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவியவையாக இருக்க வேண்டும். 0.6 மில்லிமீட்டர் கனம் என்றால் நான்கு தாளும் சேர்ந்தே 2.4 மில்லிமீட்டர் ஆழம்தான். அந்த ஆழத்துக்குள் வரி பெரிதாக மாறாது; புத்தகத்தைத் திறந்தது போல இடமும் வலமும் பொருந்தும். பொதியின் மேல் "அடுத்தடுத்த தாள்கள்" என்று அச்சிட்டிருந்தது. தாள்களில் எண் இல்லை, வரிசை கலைந்திருந்தது. ஒரு சிறிய கருங்கண்ணைப் பிடித்துக்கொண்டு, அது எந்தத் தாளில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அளந்து நானே வரிசை கண்டேன். மூன்று தாள்கள் அடுத்தடுத்தவைதான். நான்காவதில் அந்தக் கண் இரண்டு மடங்கு பெரிதாகி, நடுவில் ஓட்டையும் விழுந்திருந்தது. இடையில் பல தாள்கள் தாண்டி எடுத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மூலை உடைந்ததும் அந்த முதல் மூன்றில் ஒன்று.

விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். பதில் வர ஒன்பது நாள் ஆனது. வேறு தாள் அனுப்ப முடியாது, அந்தக் கட்டை தீர்ந்துவிட்டது என்றார்கள். அது உண்மையாக இருக்கலாம். ஒரு கழலை ஒரு முறைதான் வளர்கிறது. ஆனால் அப்படியானால் எண் போட்டுக் கட்டி அனுப்புவது எவ்வளவு முக்கியம்! ஒரு சாக்பீஸ் போதுமே. கடைசியில் பொருந்தாத அந்த நான்காவது தாளைக் கீழ் வலதுபுறம் வைத்து, அதன் ஓட்டையில் இன்னொரு துண்டிலிருந்து கண்போல வட்டமாக வெட்டி அடைத்தேன். தெரிந்து பார்த்தால் ஆந்தையின் ஒரு பக்கத்து இறகு மறுபக்கத்தைவிடச் சற்று அகலம்.

நீங்கள் வாங்கும்போது, அடுத்தடுத்த தாள்களா, எண் போட்டிருக்கிறதா, நான்கையும் பக்கத்தில் வைத்து எடுத்த படம் கிடைக்குமா என்று மூன்றையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். எண் தெரிந்தால் 1-க்குப் பக்கத்தில் 2, 2-க்குக் கீழே 3, 1-க்குக் கீழே 4 என்று சுற்றி வைக்கலாம். பக்கத்துத் தாள்கள் பக்கத்திலேயே இருக்கும்.

திருப்பி ஒட்டுவதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. சீவும் கத்தி தாளின் ஒரு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீறல்களை உண்டாக்கும். அந்த முகம் வெளிப்பக்கமாக இருக்கும்படி வளைத்தால் தாள் சுலபமாக வளையும். மறுபக்கம் வளைத்தால் விறைக்கும். புரட்டி ஒட்டும்போது ஒரு தாள் கீறல் முகத்தையும் அடுத்தது நல்ல முகத்தையும் காட்டுவதால், ஒளி இரண்டிலும் ஒரே மாதிரி விழாது. கழலையில் நார் எல்லாப் பக்கமும் சுழல்வதால் இது பெரிதாகத் தெரியவில்லை. முதல் பலகையில் மேப்பிளை இரண்டு துண்டாக்கி ஒன்றை மட்டும் புரட்டி ஒட்டியிருந்தேன். அதில் ஒன்று பளிச்சென்றும் மற்றது மங்கியும் தெரிந்தது. வெல்வெட் துணியைத் தலைகீழாக வெட்டித் தைத்துவிட்டால் வரும் அதே வித்தியாசம்.

கத்தி, டேப், பசை மூன்றும் நன்றாகவே வேலை செய்தன. காகித டேப்பை நனைத்து இணைப்பின் மேல் ஒட்டினால், காயும்போது சுருங்கி இரண்டு ஓரத்தையும் தானே நெருக்குகிறது; சாதாரண ஒட்டு டேப்பில் இது நடக்காது. இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டி ஒட்டும் வழியைக் குறிப்பேடு சொல்கிறது. நேர்வரித் தாளுக்குச் சரி, கழலைக்கு வேண்டாம். சூட்டில் சுருங்கி வெடிக்கும். பலகைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாள் போட்டு இரவு முழுவதும் இறுக்கி வையுங்கள்.

பொதியில் இல்லவே இல்லாத ஒன்று, பின்பக்கத்துக்கான தாள். ஈரப் பசையில் உப்பிய வெனீர் காயும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கும். முன்பக்கம் மட்டும் ஒட்டிய என் முதல் பலகை மூன்றே நாளில் தட்டுப்போலக் குழிந்துவிட்டது. ஆசையாகச் செய்தது கெட்டுப்போன காரணம் இதுதான். பின்னாலும் ஒரு சாதாரண வெனீர் ஒட்டினால் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும், பலகை நேராக நிற்கும். ஆந்தைப் பலகைக்கு 12 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். எடுத்து, பின்பக்கமும் ஒட்டினேன். இதுவரை அசையவில்லை.

தேய்ப்பதற்கு 180, பிறகு 240 எண் உப்புத்தாள், கையால் மட்டும். 0.6 மில்லிமீட்டரில் மெஷின் வைத்தால் கீழே பலகை தெரிந்துவிடும். படாக் வைத்திருந்தால் அதன் சிவப்புத் தூள் பக்கத்து மேப்பிளில் ஏறிக்கொள்ளும். முதலில் மெல்லியதாக ஷெல்லாக் (அரக்கு) ஒரு பூச்சு கொடுத்துவிட்டுத் தேயுங்கள். மூக்குக்கு முகமூடி கட்டாயம்.

எண்ணெய் தடவிய அந்த நிமிடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. தேய்த்து முடித்த கழலை சாம்பல் பூத்தது போல மங்கிக் கிடந்தது. துணியில் எண்ணெய் தொட்டு நடுவிலிருந்து ஒரு வட்டம் போட்டேன். அந்த வட்டத்துக்குள் மட்டும் மரம் ஆழமாகிவிட்டது. கண்கள் ஒவ்வொன்றும் உள்ளே இறங்கி, தேன் நிறமும் கருப்பும் பிரிந்து நின்றன. மகளைக் கூப்பிட்டேன். மீதியை அவள்தான் தடவினாள்.

மாட்டும் இடத்தையும் யோசியுங்கள். நேரே எதிரில் இருந்து வரும் வெளிச்சத்தில் வரி தட்டையாகிவிடும். பக்கவாட்டில் இருந்து வரும் வெளிச்சத்தில்தான் அது அசையும். ஆனால் நேரடி வெயில் கூடாது. வெளிச்சம் பட்டால் செர்ரி கருக்கும், வால்நட் வெளுக்கும், படாக்கின் சிவப்பு பழுப்பாகும்.

கடைசியாக ஜீப்ரானோ என்று பெயர் போட்ட தாள். "இயற்கை வெனீர்" என்று எழுதியிருந்தது. கோடுகள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அச்சடித்தது போல ஒரே அகலம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் மரத்தின் நுண்துளைகள் கோட்டோடு ஒட்டாமல் தம் போக்கில் ஓடுகின்றன. ஜீப்ரானோவை அறுத்தால் வர வேண்டிய கெட்ட வாடையும் இல்லை. வெளிர்மரத்தைச் சீவி, சாயம் ஏற்றி, கட்டையாக ஒட்டி, மறுபடியும் சீவிய செயற்கை வரித் தாள் அது. அதுவும் மரம்தான், பயனுள்ள பொருள்தான். ஆனால் இயற்கை வரிக்காகவே வாங்குகிற பொதியில் அதைச் சொல்லாமல் வைத்தது நியாயமில்லை. மற்றபடி, பொதியில் ரோஸ்வுட் எதுவும் வைக்காததை நான் பாராட்டுகிறேன். அந்த இனத்து மரங்கள் எல்லாமே 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை.

மதிப்பெண் கேட்டால், மரத்துக்கு ஐந்துக்கு நாலரை, கருவிகளுக்கு நான்கு, குறிப்பேட்டுக்கு ஒன்று. கை நிதானமும் ஒரு மாதப் பொறுமையும் இருந்தால் வாங்கலாம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் படம் முடிய வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது.

முடித்த பலகைகளில் இரண்டாவது சின்னது, 24-க்கு 16 சென்டிமீட்டர். முதல் படத்துக்குப் போக மீந்த வால்நட்டில் ஒரு முழுக் கோபுர வரி தப்பித்திருந்தது. ஜன்னல் அட்டையில் தேடிப் பிடித்த அந்த முகடுதான் மலை. கீழே குறுக்காக வைத்த சப்பேலியின் ரிப்பன் கோடுகள் ஏரி, மேலே செர்ரி வானம். மூன்றே துண்டுகள். பின்பக்கத்துக்குத் தாள் தேவைப்பட்டபோது அந்த ஜீப்ரானோவை ஒட்டிவிட்டேன். கச்சிதமாக இழுத்துப் பிடித்திருக்கிறது. படத்தை மாட்டும் ஆணியைச் சரிசெய்யத் திருப்பும்போது மட்டும் அந்தக் கோடுகள் தெரியும்.